நாலாம் வட்டத்துக்காரன்

அவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

பார்க்கச் சொல்லி அழைத்து வந்தவனே நான்தான். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு நேர் மேல்வீட்டில் அவர் புதிதாகக் குடிவந்திருந்தார். அவர் வீட்டுத் தண்ணீர் எங்கள் கூரையில் இறங்கி, பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கறையாகப் படிந்திருந்தது. நான் சண்டைக்கு ஆயத்தமாகப் படியேறினேன். இந்தியில் நாலு வாக்கியம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சண்டை போடும் அளவுக்கு எனக்கு இந்தி வரும். சமாதானம் பேசும் அளவுக்குத்தான் வராது. கதவைத் திறந்த அம்மாள் என் மூக்குக்கண்ணாடியையும் லுங்கியையும் ஒரு நொடி பார்த்துவிட்டு, "சொல்லுங்க சார்" என்றார் தமிழில். ஒத்திகை வீணாயிற்று.

கீழே வந்தார். அண்ணாந்தார். அவர் முகத்தில் பரவியது வருத்தம் அல்ல, குற்ற உணர்ச்சி அல்ல. நகைக்கடையில் சிலர் முகத்தில் பார்க்கிறோமே, அது.

"அடேயப்பா! வட்டத்துக்குள்ள வட்டமா எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாத்தியளா?"

"ஒழுகுது மேடம்."

"ஒழுகாம எப்படி விழும்? வெளியிலேருந்து எண்ணுங்க. ஒண்ணு, பெருசு, நல்லாக் கருத்திருக்கு. அது எனக்கு முந்தி இருந்தவங்க. ரெண்டு, அதுவும் அவங்கதான். மூணு, பிளம்பர் வந்து எல்லாம் சரின்னு சொல்லிட்டுப் போன பெறவு. அந்தா நடுவில சின்னதா ஒண்ணு இருக்குல்லா? அதுதான் நான்."

ஒவ்வொரு வட்டமும் ஒரு கசிவு நனைந்து காய்ந்த எல்லைக்கோடு என்று விளக்கினார். நாங்கள் இரண்டு பேரும் நாற்காலிமேல் ஏறி நின்று ஆராய்ந்தோம். என் மனைவி அலுவலகத்திலிருந்து வந்தபோது, சண்டைக்குப் போன கணவன் எதிராளிக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். எதிராளி எங்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கறை அதன்பிறகும் பல மாதம் இருந்தது. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அவர்தான் தடுத்தார். "இன்னும் ஒரு வட்டம் வரட்டும் சார்."

மேல்வீட்டு மேடம், பூமிக்குள் என்ன இருக்கிறது என்று ஆராயும் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தார். நாசரேத் பக்கம் சொந்த ஊர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை என் மனைவி கேட்டபோது, "மேலோட்டைத் தாண்டி ஒருத்தனும் உள்ள வரல பிள்ளே" என்று சொல்லிவிட்டு அப்பளத்தைத் திருப்பிப் போட்டார்.

உலகத்தில் எதைப் புரிந்துகொள்வதானாலும் ஒரே மையத்தைச் சுற்றி நாலைந்து வட்டம் போட்டால் போதும் என்பது அவருடைய தீர்மானம். "நடு எங்கன்னு சொல்லுங்க, மிச்சத்தை நான் சொல்லுதேன்" என்பார். பூமி மேலோட்டுக்குக் கீழே அப்படித்தான் இருக்கிறது, அவர் படிப்பும் அதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் விஞ்ஞானி. அவர் நிறுத்தவில்லை. மரத்தை அறுத்தால் வட்டம். அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் சுற்றும் கூடு, வட்டம். குறி பார்த்து அம்பு விடுகிறவன் முன்னால் வட்டம். புராணத்தில் நாவலந்தீவைச் சுற்றி உப்புக்கடல், அதைச் சுற்றிக் கரும்புச்சாற்றுக் கடல், அதைச் சுற்றிக் கள்ளுக்கடல், பிறகு நெய், தயிர், பால், நல்ல தண்ணீர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் அவர். ஆனால் அந்த ஏழு கடலையும் மூச்சு விடாமல் வரிசையாகச் சொல்வார். நாங்கள் கூப்பிட்டால் மலை மந்திருக்கும் வருவார். முருகனுக்கு ஒரு கும்பிடு, பிராகாரத்துக்கு மூன்று சுற்று.

"ஸ்ரீரங்கத்துல ஏழு பிராகாரம் மேடம். ஆனா எல்லாம் சதுரம்" என்று ஒருநாள் மடக்கிப் பார்த்தேன்.

"சதுரம் உருவத்துல சார். குணத்துல வட்டம்தான்."

வெங்காயம் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். "வெங்காயம் மாடல் இல்ல. காய்கறி" என்று முடித்துவிடுவார்.

ஒருமுறை முனிர்காவிலிருந்து கன்னாட் பிளேஸுக்கு ஒரே ஆட்டோவில் போனோம். இந்த ஊரே வட்டம், உள் ரிங் ரோடு, வெளி ரிங் ரோடு, நடுவில் மறுபடி வட்டமாக ஒரு கடைத்தெரு என்று டிரைவரிடம் இந்தியில் ஆரம்பித்தார். மற்ற நாடுகளில் எழுதப்பட்ட மாடல்படி நகரத்துக்கு நடுவில் கடையும் நெரிசலும், போகப் போக மரமும் பங்களாவும் வர வேண்டும். இங்கே அது தலைகீழ், நடுவில் மரமும் மந்திரியும், ஓரத்தில்தான் ஜனங்கள் என்றார். டிரைவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மேடம்ஜி, கோல் கோல் கூம்னே கா எக்ஸ்ட்ரா லகேகா" என்றார். சுற்றிச் சுற்றிப் போவதானால் தனியாகக் கொடுக்க வேண்டுமாம். மேடத்துக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. அலுவலகத்தில் யாராவது நீளமாகப் பேசினால் அதைத்தான் சொல்வதாகக் கேள்வி.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குவார்ட்டர்ஸ் என் மனைவி பெயரில். அவள்தான் அமைச்சகத்தில் வேலை பார்க்கிறவள். நான் மிக்ஸி, குக்கர், கெய்ஸர் போன்றவற்றோடு ஒரு தாள் வருமே, 'ஓடும்போது மூடியைத் திறக்காதீர்', அதை மொழிபெயர்க்கிறவன். என் எழுத்து படிக்கப்படாமலே லட்சக்கணக்கான வீடுகளில் குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த அளவுக்குப் பரவிய தமிழ் எழுத்தாளர் வேறு யாரும் இருக்க முடியாது. எங்கள் அலுவலகம் கன்னாட் பிளேஸில். கன்னாட் பிளேஸ் என்றதும் வெள்ளைத் தூண், கண்ணாடிக் கடை என்று நினைப்பீர்கள். அது இன்னர் சர்க்கிள். வெளியே பஸ்ஸும் வங்கியுமாக இருப்பது அவுட்டர் சர்க்கிள். இரண்டுக்கும் நடுவே மிடில் சர்க்கிள் என்று ஒன்று உண்டு. இன்னர் சர்க்கிள் ஓட்டல்களின் புகைக்குழாய்களும் பின்வாசல்களும் திறக்கிற இடம். பாத்திரம் கழுவுகிறவர்கள் பீடி பிடிக்க வந்து நிற்கிற இடம். அங்கேதான் என் நாற்காலி. ஆகவே ஒரு மனிதன் எந்த வட்டத்தில் இருக்கிறான் என்பது எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. நடுவிலிருந்து எத்தனையாவது என்று ஆயுள் முழுக்க எண்ணிப் பழகியவன்.

இந்த நிலையில்தான் அந்தக் கிறிஸ்துமஸ் வந்தது.

மேடம் ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்தோடு இறங்கி வந்தார். பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்து அவரே சுட்டது. தரையில் உட்கார்ந்து மூன்று பேரும் தின்றுகொண்டிருந்தோம். பேச்சுவாக்கில், மனிதர்களையும் வட்டமாகத்தான் வைத்திருக்கிறேன் என்றார். மொத்தம் ஐந்து வட்டம். அவருக்குத் தெரிந்த எல்லோருக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

"நாங்க எங்க இருக்கோம்க்கா?" என்றாள் மனைவி.

"நீ அஞ்சு பிள்ளே. சார் நாலு."

மனைவி தலையாட்டிவிட்டு அடுத்த முந்திரிக்கொத்தை எடுத்தாள். எனக்கு அது தொண்டையில் நின்றது. ஐந்து வட்டத்தில் நாலாவது! அடுத்தபடி வாசல்தான். ஆனாலும் ஒரு ஆறுதல், மனைவி எனக்கும் வெளியே இருந்தாள். குவார்ட்டர்ஸில், ரேஷன் கார்டில், எங்கள் மகளுடைய பிரியத்தில் என்று எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் நிற்கிறவளை முதல்முறையாக நான் முந்தியிருந்தேன்.

"பாவம் நீ" என்றேன் இரவுச் சாப்பாட்டின்போது. "கடைசி வட்டம்."

"இருக்கட்டும். அக்கா ஊருக்குப் போறாங்களாம். சாவியை என்கிட்ட குடுத்திருக்காங்க. துளசிக்குத் தண்ணி ஊத்தணும்."

கடைசி வட்டத்துக்காரியிடம் எதற்குச் சாவி என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். சாவியை எப்போதும் காவல்காரரிடம்தானே கொடுப்பார்கள் என்று ஒரு பதிலையும் கண்டுபிடித்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு எதற்கும் ஒரு அர்த்தம் கிடைத்துவிடும், அதுதான் எங்கள் தொழிலின் ஆபத்து.

நாலாம் வட்டத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பெல் அடிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. தலையில் துண்டோடு உள்ளே வருவார். எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு போவார். ரசத்தைப் பாத்திரத்திலிருந்தே கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டுக் குடித்து, "பெருங்காயம் பத்தல" என்பார். நாங்கள் மேலே போனால் ஒரு நசுங்கிய எவர்சில்வர் டம்ளரில் எனக்கு டீ வரும். அந்த நசுங்கல் சரியாகக் கட்டைவிரலுக்கு என்றே அமைந்த மாதிரி இருக்கும். சர்க்கரை எவ்வளவு என்று கேட்க மாட்டார். அவருக்குச் சரி என்று படுகிற அளவு போடுவார். என் தொப்பையைப் பார்த்து, "என்ன சார், மரம் மாதிரி வருசத்துக்கு ஒரு வளையம் போடுதியளோ?" என்பார். இதையெல்லாம் நான் நாலாம் தர மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உள்வட்டத்தில் இருப்பவர்களுக்கு என்னவெல்லாம் கிடைக்குமோ என்று ஏங்கினேன்.

பிரச்சாரத்தைத் தொடங்கினேன். அவருடைய கேஸ் சிலிண்டரைத் தூக்கினேன். கரோல்பாக் போய் அவருக்குப் பிடித்த காபிப்பொடி வாங்கி வந்தேன். அவர் வட்டம் போடும்போதெல்லாம் 'ஆகா' என்றேன். ஒரு ஜனவரி ஞாயிறு, மாடி வெயிலில் உட்கார்ந்திருந்தோம். டெல்லிக் குளிரில் வெயில் வந்துவிட்டால் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்வெட்டரும் வேர்க்கடலையுமாக எல்லோரும் மாடியில்தான். மேடம் கடலையை உரித்து ஒரு பங்கைத் தன் வாயிலும் ஒரு பங்கை என் கையிலும் போட்டுக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று தோன்றியது.

"மேடம், என்னை மூணுக்கு மாத்துங்களேன்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நெசமாவா கேக்குதிய?"

"ஆமா மேடம். ரொம்ப நாளா மனசுல இருக்கு."

"நான் ஏதும் தப்பாப் பேசிட்டனோ? அந்தத் தொப்பை விசயமா?"

"சேச்சே. எனக்கு அந்தத் தகுதி வந்துட்டதா தோணுது. அவ்வளவுதான்."

"தகுதியா!" எதிரே காய்ந்த சேலைகளைப் பார்த்தார். "சரி சார். உங்க இஷ்டம். மூணு."

பிறகு கடலைப் பொட்டலத்தை அப்படியே என் பக்கம் தள்ளி வைத்தார். உரிக்கவில்லை.

மூன்றாம் வட்டத்தின் மாற்றங்கள் அடுத்த வாரமே தெரிந்தன. அவர் பெல் அடித்துவிட்டு வந்தார். நான் மேலே போனபோது பூப்போட்ட பீங்கான் கப்பில் டீ கொடுத்தார், சாஸருடன். "சர்க்கரை எத்தனை ஸ்பூன் சார்?" என்று கேட்டார். தட்டில் நாலு பிஸ்கட் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும்விட அவருடைய பேச்சு. மனைவியிடம் "என்ன பிள்ளே செய்யுத?" என்று தாமிரபரணியாக ஓடுகிற வாய், என் பக்கம் திரும்பியதும் "நலமா இருக்கீங்களா சார்? மகள் நன்றாகப் படிக்கிறாங்களா?" என்று வானொலி ஆகிவிடும். தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இளைத்துவிட்டேன் என்று நினைத்து ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டேன். போட முடியவில்லை.

"பாத்தியா?" என்றேன் மனைவியிடம். "கப்பு, சாஸர்."

"ம்" என்றாள். எங்கள் வீட்டில் அந்த ஒற்றை எழுத்துக்கு அகராதி போடலாம்.

வெற்றி கண்டவன் சும்மா இருப்பானா? தீபாவளிக்கு முன்னால் ரெண்டாம் வட்டத்துக்கும் மனுப் போட்டேன். இந்தமுறை அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. "நல்லது சார்" என்றார். தீபாவளியன்று ஜிகினாத்தாள் சுற்றிய ஒரு சோன்பப்டிப் பெட்டி வந்தது, மேலே அவருடைய விசிட்டிங் கார்டு பின் அடித்து. டெல்லியில் இருப்பவர்களுக்குச் சோன்பப்டிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதை யாரும் பிரிப்பதில்லை. ரிங் ரோடு பஸ் போல ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் பிரித்தேன். பெருமிதத்தோடு ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து வந்தது. தூக்குவாளியை மனைவி மேலேயே போய் வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு கேக், கடையில் வாங்கியது.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் காலை. வேப்பமரத்தடி இஸ்திரிக்காரர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டு ஒரு துணிமூட்டையைக் கொடுத்தார். "பாயிசாப், ஊப்பர்வாலி மேடம் கே கப்டே. ஹாஸ்பிடல் லே ஜானா ஹை." மேல்வீட்டு மேடத்தின் துணி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று.

எந்த ஆஸ்பத்திரி? ஏன்? மனைவிக்கு போன் போட்டேன். ஆபீசில் ஆடிட் என்று சொல்லி இரண்டு நாளாக விடியுமுன் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தவள்.

"அக்காவுக்குப் பித்தப்பையில கல்லு. ஆபரேஷன் முடிஞ்சாச்சு. நான்தான் கூட இருக்கேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அக்கா சொல்ல வேண்டாம்னாங்க. நீங்க ரெண்டாவது வட்டமாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு இந்தி, தமிழ் எதுவும் போதவில்லை. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேடம் சாய்ந்து படுத்திருந்தார். முகம் வெளிறி, அந்த உடம்பில் பாதிதான் கட்டிலில் இருந்த மாதிரி இருந்தது. மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மூட்டையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து மேடம் எழுந்திருக்க முயன்றார்.

"வாங்க சார். நீங்க எதற்குச் சிரமப்பட்டு..."

"மேடம், வானொலியை நிறுத்துங்க. உயிர் போற வலியில இருந்திருக்கீங்க. கீழ் வீட்டுல இருக்கிறவனுக்குச் சொல்லக் கூடாதா?"

"ரெண்டாம் வட்டத்துக்கு ஆபரேஷன் நல்லா முடிஞ்ச பெறவு சொல்லுறதுதான் வழக்கம்."

"ரெண்டாம் வட்டத்துக்கே பிறகுதான்னா, யாருக்கு முன்னாடி சொல்வீங்க? ஒண்ணாம் வட்டத்துல அப்படி எந்த மகாராஜா இருக்கான்?"

"ஒண்ணுலயா?" நிஜமாகவே யோசித்தார். "பால்காரர். கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி. அசோசியேஷன் செகரட்டரி. சிலிண்டர் கொண்டு வாறவன்."

அந்த வட்டங்களை மனசுக்குள் மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

"மேடம்" என்றேன். "நீங்க எங்கேருந்து எண்ணுறீங்க?"

"எங்கேருந்துன்னா? மேலேருந்துதான். மேலோடு ஒண்ணு. நாம நிக்கது அதுலதான? எவனாவது பூமிக்கு நடுவில போய் நின்னுக்கிட்டு ஒண்ணுன்னு ஆரம்பிப்பானா?"

"கன்னாட் பிளேஸுல நடுவிலேருந்துதான் மேடம் எண்ணுவோம். இன்னர், மிடில், அவுட்டர்."

அவர் என்னையே பார்த்தார். என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். கண் மெல்ல விரிந்தது. மேலோட்டில் ஆரம்பித்த ஒரு நடுக்கம் உள்ளே எங்கோ இறங்கி, அங்கிருந்து திரும்பி வந்தது. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ... சிரிக்க வைக்காதிய சார்... தையல் பிரிஞ்சிரும்... ஏ பிள்ளே, இவர வெளிய கூட்டிட்டுப் போ... அப்ப அது பிரமோசன்னா நெனச்சிய? நான் என்ன பாவம் செஞ்சேன், இந்த மனுசன் இப்படி விலகி விலகிப் போறாரேன்னு ராத்திரி எல்லாம் உக்காந்து... ஐயோ ஆண்டவரே..."

சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்தார். அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். கறையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே.

"நான் சாவி வெச்சிருக்கேன், உங்களுக்குச் சாஸர்" என்றாள் மனைவி, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு. "இதுல எது பெருசுன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு நம்பர் எல்லாம் தெரியாது. அக்கா யாருகிட்ட திட்டுறாங்க, யாருகிட்ட சிரிக்கிறாங்கன்னு தெரியும். நீங்க ஆசைப்பட்டு மரியாதை கேட்டு வாங்குறீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

மூட்டையைக் கட்டிலில் வைத்தேன். "மேடம், பழையபடி நாலுக்கு மாத்திடுங்க. இப்பவே."

"அது எப்படி சார்?" சிரிப்பு அடங்கி, படிப்பு திரும்பியிருந்தது. "உள்ள இருக்கது வெளிய வாறது லேசு. ஒரு எரிமலை போதும். வெளிய வந்தது திரும்ப உள்ள போவணும்னா, ஒரு பாறைத்தட்டு இன்னொண்ணுக்குக் கீழ அமுங்கி அமுங்கிப் போவணும். கோடி வருசம் ஆவும். சாருக்கு அமுங்கத் தெரியுமா?"

"இவரா?" என்றாள் மனைவி.

அமுங்கிப் பார்த்தேன். வட்டத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பத்தியச் சாப்பாடு மேலே கொண்டுபோனேன். கொடுத்துவிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். தோசை வார்க்கும்போது மனைவி கரண்டியை நடுவிலிருந்து சுற்றுவதைப் பார்த்து அவர் சிரித்தார் என்றால், நான் சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு முதலில் திரும்பியது. மறுபடி "இருக்கியளா சார்?" ஆயிற்று. அடுத்த குளிர்காலத்தில் மாடியில் உரித்த கடலை நாலு என் கையில் விழுந்தது. ஒருநாள் படியில் எதிரே வந்தவர் நின்று, என் வயிற்றை ஏற இறங்கப் பார்த்து, "புது வளையம் போல" என்றார். அன்று நான் அலுவலகத்துக்கு விசில் அடித்துக்கொண்டு போனேன்.

ஆனால் டீ மட்டும் கப்பில்தான் வந்தது. சாஸருடன். "எத்தனை ஸ்பூன் சார்?" என்று கேட்பார், கண்ணில் ஒரு குறும்போடு. இரண்டு என்பேன், தலையைக் குனிந்தபடி. அந்த நசுங்கிய டம்ளர் அலமாரியில் கவிழ்ந்து கிடப்பது எனக்குத் தெரியும். அதன் அடிப்பக்கத்தில், கடைசல் போட்டபோது விழுந்த வட்டத்துக்குள் வட்டமான கோடுகள். நான் அதைப் பார்க்கட்டும் என்று அவர் வேண்டுமென்றே என் பக்கமாகக் கவிழ்த்து வைப்பாரோ என்று சந்தேகம்.

ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். தங்கை வீட்டோடு இருக்கப் போவதாகச் சொன்னார். சாமான்களைப் பங்கிட்டபோது மனைவிக்குக் கிரைண்டரும் துளசித்தொட்டியும் வந்தன. கடைசிநாள் காலை என் கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தேன். பூப்போட்ட பீங்கான் கப். சாஸர்.

இத்தனை வருஷம் அமுங்கியதற்கு இதுதானா என்று இருந்தது. நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். கன்னியாகுமரி ரயில் நின்றிருந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டு நானும் மனைவியும் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றோம். அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொட்டலத்தைப் பிரிச்சியளா சார்?"

"பிரிச்சேன் மேடம். ரொம்ப நன்றி. ரெண்டாம் வட்டத்துக்குப் பொருத்தமான பரிசு."

"கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு?" பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. "அதை நான் ஊருக்குக் கொண்டு போனா, நீங்க வரும்போது எடுத்து வைக்கணும்லா? எங்கிட்ட இருந்த கப்பே அது ஒண்ணுதான். இனிமே எங்க வீட்டுல டம்ளர் மட்டுந்தான் இருக்கு, பாத்துக்கிடுங்க!"

ரயில் நகர்ந்தது. நான் கையசைக்கவில்லை, அதற்குக் கை ஒழியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி என் பங்குக்கும் சேர்த்து அசைத்தாள்.

அதன்பிறகு ஒருமுறை ஊர்ப்பக்கம் போனபோது அவர் வீட்டுக்கும் போனோம். டீ வந்தது. எதில் என்று நான் சொல்லப்போவதில்லை. கட்டைவிரலை வைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கப்பும் சாஸரும் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. அசோசியேஷன் செகரட்டரி வந்தால் எடுப்போம். மகளைப் பெண் பார்க்க யாராவது வந்தால் எடுக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. மற்றபடி அதைத் தொடுவதில்லை.

இன்று காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி டீயைக் கொண்டு வந்து முன்னால் வைத்தாள். பூப்போட்ட கப்பில். சாஸருடன். ஓரத்தில் இரண்டு பிஸ்கட்.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்றாள்.

நேற்று என்ன கேட்டுத் தொலைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.